தும்பியின் கண்

மழை நெருங்கும் மாலைகளில் இடையஞ்சாவடியின் செம்மண் மேட்டில் தும்பிகள் தாழப் பறப்பதைக் காண்கிறோம். தும்பி தாழ்ந்தால் மழை என்பது நம் பக்கத்து வழக்கு. மரக்காணத்து உப்பளத் தொழிலாளருக்கோ அது கூலியைத் தொட்ட செய்தி. தும்பியைக் கண்டதும் வானத்தைப் பார்க்கிறோமேயொழிய, அது எதைப் பார்க்கிறது என்று நாம் எண்ணுவதில்லை.

அது கொசுவைப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான சிறு கண்கள் சேர்ந்த கூட்டுக்கண்ணாயினும், நம் கண்ணின் கூர்மை அதற்கில்லை. அப்படியிருந்தும் அசையும் இலைகளினூடே புள்ளிபோன்ற இரையைத் தவறவிடுவது அரிது. சிறு பொருள் நகரும்போது மட்டும் கிளர்ந்தெழும் நரம்பணுக்கள் அதன் மூளையில் உள்ளன. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீடர்மன், ஓ'கேரல் ஆகியோர் 2013-இல் அத்தகைய நரம்பணு ஒன்றைப் பற்றி வெளியிட்ட ஆய்வு வியப்பானது. இரண்டு புள்ளிகளை ஒருசேரக் காட்டினால், அது ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மற்றது இல்லவே இல்லாததுபோல் இயங்குகிறது! இம்முறையைக் கணிப்பொறிக்குக் கற்பித்து, நகரும் பொருளைத் தொடரும் எந்திர வண்டியிலும் சோதித்துள்ளனர்.

தும்பியின் தேர்வில் பாவமில்லை. அறிவோடும் விருப்போடும் செய்வதே மனிதச் செயல் என்பது புனித தாமஸ் அக்குவினாஸின் போதனை. எந்திரத்திற்கும் விருப்பமில்லை. அவ்வாறாயின், இத்தகைய கண் ஒரு போர்க்கருவியின் தலையில் அமர்ந்து ஒருவரைக் கொன்றால், கொன்றவர் யார்? செய்தவர் எந்திரத்தைக் காட்டுவார். ஏவியவரும் அதையே காட்டுவார். பாவம் உண்டு, பாவி இல்லை என்னும் விந்தையான நிலை இது.

கூர்ந்த கண் அப்பாவிகளைத் தப்பவிடும் என்று வாதிடுவோர் உண்டு. அதை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. அலைகளுக்கிடையே தத்தளிக்கும் மீனவரைக் கண்டெடுக்கவும் அதே கண் உதவக்கூடுமன்றோ? ஆயனும் தொண்ணூற்றொன்பதை விட்டு ஒன்றைத் தேடிச் செல்கிறான். ஆனால் மற்றவை அவனுக்கு இல்லாதவை ஆகிவிடவில்லை. தேடப்படுவதும் அவனுக்குப் புள்ளியன்று, பெயருள்ள ஆடு. கருவிக்கு இவ்விரண்டும் தெரியா. தெரிந்த மனிதர் ஒருவர் இடையில் நின்று பதில் சொல்ல வேண்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூன் 14-இல் ஜி-7 நாட்டுத் தலைவர்கள் முன்னிலையில், மனித உயிரைப் பறிக்கும் முடிவை எந்த எந்திரமும் எடுக்கலாகாது என வலியுறுத்தியதும் இதனாலேயே எனக் கருதுகிறோம்.

மரக்காணத்தில் வெண்பாத்திகளுக்கு நடுவே குனிந்து உப்பு வாரும் பெண்ணும், உயரத்திலிருந்து நோக்கும் அக்கண்ணுக்கு நகரும் ஒரு புள்ளியே.