பொய்த்தவன் சொல்லும் மெய்

விடியற்காலையில் நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகக் களியக்காவிளை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையோரம் நின்று பார்ப்பவர்க்கு மனிதர்தம் நடை எத்தனை வகைப்படும் என்பது விளங்கும். பால் பாத்திரத்துடன் விரையும் நடை ஒன்று. சந்தைக்குச் சுமையோடு செல்லும் நடை ஒன்று. மருத்துவர் சொல்லுக்கு அஞ்சி முதியோர் நடக்கும் நடை ஒன்று. காவல்துறை, இராணுவத் தேர்வுகளுக்காக உடலைப் பக்குவப்படுத்தும் இளைஞர்தம் நடை ஒன்று. 1956 நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டத்துத் தமிழ்க் குடும்பங்களோ கோட்டுக்கு இப்பால் கேரளத்தில் நின்றுவிட்டன. அன்று முதல் எல்லை என்பது எமக்கு நாள்தோறும் நடந்து கடக்கும் பொருளாயிற்று. எனவே, கோட்டுக்கு எப்புறம் நிற்கிறோம் என்னும் வினா உலகில் எங்கு எழுந்தாலும், எல்லையூரார்க்கு அதில் ஒரு தனி நாட்டம் உண்டாவது இயல்பே.

நடைப்போட்டி என்பது எல்லையிலேயே நிகழும் விளையாட்டு. நடைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே உள்ள மெல்லிய கோட்டின் மீது வீரன் விரைகின்றான். எப்பொழுதும் ஒரு கால் தரையைத் தொட்டிருத்தல் வேண்டும் என்பது முதல் விதி. முன்வைத்த கால் தரையில் பட்ட கணம் முதல் உடலுக்கு நேர்கீழே வரும் வரை முழங்கால் மடங்கலாகாது என்பது இரண்டாம் விதி. முதல் விதியில் ஒரு நுட்பம் உளது. இரு கால்களும் தரையை விட்டு நீங்குவது மனிதக் கண்ணுக்குப் புலப்பட்டால் மட்டுமே அது குற்றம். நுண்ணிய படக்கருவி காணும் மிதப்பு கணக்கில் வாராது. நடுவரின் வெறுங்கண்ணே அளவுகோல். பிறர் கண்ணுக்குப் புலனாகாத பகுதியை வீரனின் நேர்மைக்கே விட்டுவைத்த விளையாட்டு இது. அதனாலேயே, இதில் ஒருவன் வஞ்சித்தான் என்று கேட்கும்போது நெஞ்சு கூடுதலாகத் துணுக்குறுகின்றது.

அத்தகைய ஒருவரின் வரலாறே இக்கட்டுரைக்குப் பொருள். அலெக்ஸ் ஷ்வாட்சர் இத்தாலி நாட்டு வீரர். ஆயினும் அவர் பிறந்த தென் தைரோல், ஜெர்மன் மொழி பேசுவோர் பெரும்பான்மையராக வாழும் மலைநாடு. முதல் உலகப் போரின் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குச் சென்ற நிலம் அது. வீட்டில் ஒரு மொழி, அரசுக்கு ஒரு மொழி என்னும் வாழ்வை நம் ஊரார்க்கு விளக்க வேண்டுவதில்லை.

2008 ஆகஸ்டு 22 அன்று பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 50 கிலோமீட்டர் நடையை 3 மணி 37 நிமிடம் 9 நொடியில் முடித்து, ஒலிம்பிக் சாதனையுடன் பொற்பதக்கம் பெற்றார் ஷ்வாட்சர். அப்போது அவர்க்கு அகவை 23. அந்தத் தொலைவை நம் மண்ணில் அளந்து பார்ப்போம். திருவனந்தபுரத்தில் புறப்பட்டு, பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் அனைத்தையும் கடந்து தக்கலையை நெருங்கும் தொலைவு அது. நெரிசல் மிக்க நாளில் பேருந்துக்கே இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதனை ஒருவர், ஒருமுறையேனும் ஓடாமல், நடந்தே கடந்தார்.

தவமும் கூடாவொழுக்கமும்

நான்கு ஆண்டுகள் சென்றன. 2012 ஜூலை 30 அன்று எடுக்கப்பட்ட சோதனையில் எரித்ரோபொயெட்டின் என்னும் பொருள் அவர் உடலில் காணப்பட்டது. அது சிறுநீரகம் இயல்பாகவே சுரப்பது. எலும்பு மச்சையைத் தூண்டிக் குருதிச் சிவப்பணுக்களைப் பெருக்குவது. சிவப்பணு மிகுந்தால் தசைகளுக்குச் செல்லும் உயிர்வளி மிகும், களைப்பு பின்வாங்கும். நோயாளிகளுக்காக ஆய்வகத்தில் செய்யப்பட்ட அம்மருந்தைத் துருக்கிக்குச் சென்று தாமே வாங்கியதாக, போல்சானோ நகரில் செய்தியாளர் முன் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டார் ஷ்வாட்சர். இலண்டன் ஒலிம்பிக்கில் நடக்கும் வாய்ப்பு போயிற்று. மூன்றரை ஆண்டுத் தடை வந்தது. பின்னர் மூன்று மாதம் கூட்டப்பெற்றது. அவர் பொய் அவரோடு நிற்கவில்லை. சோதனையாளர் வந்தபோது அவர் வீட்டில் இல்லை என்று சொன்ன தோழி, பனிச்சறுக்கு வீராங்கனை கரோலினா கோஸ்ட்னர், 2015-இல் தாமும் தடைக்கு உள்ளானார்.

திருக்குறளின் துறவறவியலில் அதிகாரங்கள் நிற்கும் வரிசை இவ்விடத்தில் எண்ணத்தக்கது. தவம் 27-ஆம் அதிகாரம். அதனையடுத்துக் கூடாவொழுக்கம்; அதன்பின் கள்ளாமை; அதன்பின் வாய்மை; அதன்பின் வெகுளாமை. பொருளைத் திருடாமையைப் பற்றிய அதிகாரத்தை இல்லறத்தானுக்கு வைக்காமல் துறவிக்கு வைத்தது ஏன் என்று மாணவப் பருவத்தில் நான் வியந்ததுண்டு. தவக்கோலம் பூண்டவனுக்கே உலகம் சோதனையின்றி நம்பிக்கை தருகின்றது. ஆகலின் அவனுக்கே வஞ்சிக்கும் வாய்ப்பும் மிகுதி என்பது பின்னரே விளங்கிற்று. விளையாட்டு வீரனின் பயிற்சியும் ஒருவகைத் தவமே. உணவு, உறக்கம், கேளிக்கை அனைத்தையும் அடக்கி உடலை நோற்கச் செய்கின்றான். அந்நோன்பின் நடுவே மறைவாக ஓர் ஊசி நுழையுமாயின், தவம் கூடாவொழுக்கமாகத் திரிகின்றது. அங்கிருந்து களவுக்கும் பொய்க்கும் ஓரடியே தொலைவு.

பறிபோனது எவர் பொருள்?

இதனை மறுத்துரைப்பாரும் உளர். உயர்ந்த மலைகளில் தங்கிப் பயின்றாலும் சிவப்பணு மிகுகின்றதே. மலை செய்வதை மருந்து செய்தால் என்ன பிழை என்பர். இவ்வினாவை எளிதாகத் தள்ளிவிடல் ஆகாது. மலைப் பயிற்சி அனைவர் கண்ணுக்கும் தெரிய நடப்பது. உடல் தன் எல்லையைத் தானே காத்துக்கொள்ள இடம் தருவது. மருந்தோ உடலின் காவலைத் தாண்டிச் செல்வது. குருதி தடித்து உயிர்க்கே இறுதி நேர்தலும் கூடும். அனைத்துக்கும் மேலாக ஒன்று உண்டு. போட்டி என்பது வீரர்கள் ஒருவர்க்கொருவர் செய்துகொண்ட உடன்பாடு. அதனை ஒருவன் மட்டும் மறைவில் முறித்தால், உடன் நிற்பவன் தான் ஒப்பாத போட்டியில் தன்னையறியாமல் தோற்கின்றான்.

ஆஸ்திரேலிய வீரர் ஜாரெட் டாலண்ட் இதற்குச் சான்று. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் 50 கிலோமீட்டர் நடையில் இரண்டாமவராக வந்தார். முதலாமவராக மேடையேறியவர் ரஷ்யாவின் செர்கேய் கிர்தியாப்கின். குருதிப் பதிவுகளால் பின்னவர் குற்றம் மெய்ப்பிக்கப்பட, 2016 ஜூனில் மெல்போர்ன் நகரில் டாலண்டுக்குப் பொற்பதக்கம் அணிவித்தனர். நான்காவதாக வந்த அயர்லாந்து வீரர் ராபர்ட் ஹெஃபர்னனுக்கு அவ்வாண்டிலேயே வெண்கலம் கிடைத்தது. பொன் வந்தது; அந்த நாள் வந்ததா? இலண்டன் மேடையில் ஒலித்திருக்க வேண்டிய நாட்டுப்பண்ணை நான்காண்டு கழித்து வேறோர் ஊரில் இசைத்தால் களவு போனது மீண்டதாகுமா? பொருளைத் திருடியவன் திருப்பித் தரலாம். காலத்தைத் திருடியவன் எதனைத் தருவான்?

ஆகவே தடை வேண்டும், கடுமையாகவும் வேண்டும். நம் நாட்டிலும் அதன் கடுமையைக் கண்டிருக்கின்றோம். இலண்டன் ஒலிம்பிக்கில் 20 கிலோமீட்டர் நடையில் பத்தாமிடம் பெற்ற கேரளத்து வீரர் கே.டி. இர்ஃபான், 2018-இல் கோல்டு கோஸ்டு காமன்வெல்த் விளையாட்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார். ஊக்கமருந்து உட்கொண்டார் என்பதன்று அங்கே சாட்டிய குற்றம். ஊசி தொடர்பான விதி மீறப்பட்டது என்பதே. 2023-இல் இராசத்தான நடை வீராங்கனை பாவனா ஜாட், தம் இருப்பிட விவரத்தை முறையாகத் தரவில்லை என்னும் காரணத்தால் புடாபெஸ்டு உலகப் போட்டியில் நடக்க இயலாமல் திரும்பினார். உடலில் என்ன இருந்தாலும் அதற்கு வீரனே பொறுப்பு. எவ்வாறு வந்தது என்பதைக் காட்டும் சுமையும் அவனுடையதே என்பது இன்றைய சட்டம். பொதுநீதியில் ஐயத்தின் பயன் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு. இங்கே ஐயத்தின் சுமை அவன் தலைமேல். வஞ்சகர் மிகுந்த களத்தில் இதற்கு மாற்று இல்லை என்பதை ஒப்புகின்றேன். ஆயின் இத்தகைய சட்டத்தைக் கையாள்பவர்க்கு இருமடங்கு விழிப்பு வேண்டும்.

இரண்டாம் தீர்ப்பு

தடைக் காலத்தில் ஷ்வாட்சர் தேடிச் சென்ற பயிற்சியாளர் சாந்த்ரோ தொனாத்தி. ஊக்கமருந்தை எதிர்த்து நெடுங்காலம் போராடியவர். தடை நீங்கிய பின், 2016 மே 8 அன்று ரோம் நகரில் நடந்து முதலிடம் பெற்றார் ஷ்வாட்சர். இரண்டாமவராக வந்தவர் அதே டாலண்ட். அடுத்த மாதமே இடி விழுந்தது. அவ்வாண்டு சனவரி முதல் நாள் எடுத்த மாதிரியில் முதலில் குற்றம் காணப்படவில்லை. மீண்டும் சோதித்தபோது செயற்கை டெஸ்டோஸ்டிரோனின் சுவடு கிடைத்தது என்று அறிவித்தனர். ஆகஸ்டில், ரியோ ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்த வேளையில், விளையாட்டு நடுவர் மன்றம் எட்டாண்டுத் தடை விதித்தது.

2012-இல் அழுது ஒப்புக்கொண்டவர் இம்முறை ஒப்பவில்லை. 2021 பிப்ரவரியில் போல்சானோ நீதிபதி வால்ட்டர் பெலீனோ, ஷ்வாட்சர் அக்குற்றத்தைச் செய்யவில்லை என்று கூறிக் குற்றவியல் வழக்கை முடித்தார்; மாதிரி மாற்றப்பட்டிருத்தல் வேண்டும் என்றும் கருதினார். உலக ஊக்கமருந்து எதிர்ப்பு முகமையும் உலகத் தடகள அமைப்பும் அதனைக் கடுமையாக மறுத்தன. சுவிட்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம் தடையை நீக்க மறுத்தது. 2024 ஜூலையில் தடை தானே முடிந்தது. அதற்குள் அவர்க்கு அகவை 39. அவர் பொன் வென்ற 50 கிலோமீட்டர் நடையோ 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கோடு ஒலிம்பிக்கிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

இரு மன்றங்கள் இரு வேறாகச் சொன்னதை இங்கிருந்து தீர்க்க நான் முற்படவில்லை. என் வினா வேறு. முன்னொருகால் பொய்த்தவன் பின்னர் மெய் சொன்னால், அந்த மெய்யை நாம் எதனால் அறிவோம்?

சிலப்பதிகாரத்துக் கோவலன் குற்றமற்றவன் அல்லன். மனைவியைப் பிரிந்து பெரும்பொருளை அழித்தவன். எனினும் பாண்டிமாதேவியின் சிலம்பை அவன் திருடவில்லை. செய்த குற்றத்துக்கு அவன் தண்டனை பெறவில்லை. செய்யாத குற்றத்துக்கு வெட்டுண்டான். ஒரு தீமை செய்தவன் எல்லாத் தீமையும் செய்திருப்பான் என்னும் எண்ணம் நம் நெஞ்சில் எவ்வளவு எளிதாகக் குடியேறுகின்றது!

சாவடியில் ஒரு நாள்

இதை ஊரார் மேல் ஏற்றி நான் விலகி நிற்பது முறையன்று. பல்லாண்டுகளுக்கு முன், எம் ஊரார் ஒருவர் எல்லை கடந்து அரிசி கடத்திப் பிடிபட்டார், தண்டமும் கட்டினார். சில ஆண்டு கழித்து, தங்கை திருமணத்துக்காகக் கடைச்சீட்டோடு வாங்கிய அரிசியை மிதிவண்டியில் ஏற்றி வந்தபோது ஒரு சாவடியில் நிறுத்தினார்கள். தற்செயலாக நான் அங்கே நின்றிருந்தேன். “சார், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார் என்னைப் பார்த்து. கடைச்சீட்டு அவர் கையில் இருந்தது. அதை வாங்கிப் படிக்கக்கூட நான் முனையவில்லை. “எனக்கொன்றும் தெரியாது” என்று சொல்லி நகர்ந்தேன். மறுநாள் கடைக்காரரே வந்து கூறியபின் அரிசியை விடுவித்தனர். அன்று நான் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. உண்மையாகவே எனக்கொன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள மறுத்ததே என் குற்றம். அதன்பின் அவர் என்னைக் காணும்போதெல்லாம் வணங்கினார். வார்த்தை மட்டும் கேட்டதில்லை.

வெகுளாமை

பொய்த்தவன் இழப்பது பதக்கத்தை மட்டுமன்று. தனக்குத் தானே சாட்சியாகும் உரிமையை இழக்கின்றான். இது எந்த மன்றமும் விதிக்காத தண்டனை. இதற்குக் கால எல்லையும் இல்லை. ஷ்வாட்சர் இரண்டாம் முறை மெய்யே சொல்லியிருப்பினும், அதனைக் கேளாச் செவிகளை 2012-இல் செய்து வைத்தவர் அவரே. தேர்வுக்காக எம் சாலையில் ஓடும் இளைஞரிடம் யாரேனும் ஒரு மருந்துச் சீசாவை நீட்டும் நாள் வருமாயின், அவர்கள் நினைக்க வேண்டியது இதனையே. பிடிபடுவோமா என்பதன்று வினா. நாளை நாம் மெய் சொல்லும்போது நம்புவதற்கு ஒருவரேனும் இருப்பாரா என்பதே.

ஆனால் வழக்கைத் தீர்ப்பவர்க்கும் ஊராராகிய நமக்கும் வேறொரு கடமை உண்டு. இரண்டாம் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டனை மிகுதல் நேர்மை. முதற் குற்றத்தையே இரண்டாவதற்குச் சான்றாக்குதல் நேர்மையன்று. பழைய பொய் ஒருவனைக் கூர்ந்து நோக்கக் காரணமாகலாம். நோக்காமலே முடிவு செய்யக் காரணமாகலாகாது. வாய்மையை அடுத்து வள்ளுவர் வெகுளாமையை வைத்தார். பொய்யைக் கண்டு எழும் சினம் இயற்கையே. அச்சினம் அடங்கிய பின்னரே கடைச்சீட்டை வாங்கிப் படிக்கக் கை நீளும்.

நடுவரின் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதே நடைப்போட்டியில் குற்றம் என்றேன். அவ்விதியில் ஓர் அறமும் உளது. நடுவர் அந்தக் காலடியைத்தான் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டின் காலடியை அன்று.