பேறுகாலத்தில் வரும் துக்கம்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

அடியேன் ஆலிம் அல்லன். ஊர் மதரஸாவில் ஓதியதும், ஐந்தாம் வகுப்பு வரை படித்ததும் போக, மீதியெல்லாம் கடையில் கற்றுக்கொண்டதுதான். ஆகவே இதை எழுதி முடித்ததும் முதலில் ஹஜ்ரத் அவர்களிடம் காட்டினேன். ஆயத்துகளின் பொருளில் பிசகு இல்லை என்று அவர்கள் சொன்ன பிறகே சங்கத்துக்கு அனுப்புகிறேன்.

என் கடையில் பேறுகாலச் சரக்கு விற்காத வாரம் கிடையாது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, பெருங்காயம், பூண்டு, கருப்பட்டி, நல்லெண்ணெய் என்று சீட்டைப் பாராமலே கட்டிக் கொடுப்பேன். வயிற்றுக்கு எது, பால் சுரக்க எது, குளிர் தட்டாமலிருக்க எது என்று நம் பெரியவர்கள் ஒவ்வொன்றுக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். "சுகப் பிரசவமா? ஆண் பிள்ளையா, பெண் பிள்ளையா?" என்று கேட்டு, மாஷா அல்லாஹ் சொல்லி, கொஞ்சம் கற்கண்டும் சேர்த்துக் கொடுத்து அனுப்புவேன். பிள்ளை பெற்றவளின் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் ஒருவரிடமும் கேட்டதில்லை. அப்படி ஒரு கேள்வி உண்டு என்பதே என் வீட்டில் நடந்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

எங்கள் முதல் பிள்ளை ஊரில், என் வீட்டுக்காரியின் தாய்வீட்டில் பிறந்தது. வீடு நிறையப் பெண்கள். பிள்ளையைத் தூக்க ஆளுக்கு ஆள் போட்டி. இரண்டாவது பிள்ளை 2014-இல் இங்கே சிங்கப்பூரில் பிறந்தது. மாமி ஊரிலிருந்து வந்து 30 நாள் இருந்துவிட்டு, விசா முடிந்து திரும்பிவிட்டார்கள். நான் காலை எட்டு மணிக்குக் கடைக்குப் போனால் இரவு பத்தரைக்கு வருவேன். இடையில் அந்த அடுக்குமாடி வீட்டில் அவளும், நான்கு வயதுப் பையனும், கைப்பிள்ளையும்தான்.

பிள்ளை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் இல்லை. சோற்றைப் பிசைவாள், அப்படியே வைத்துவிடுவாள். பிள்ளை அழுதால் எழுந்து பால் கொடுப்பாள். அதன் முகத்தைப் பார்க்க மாட்டாள். காரணம் கேட்டால் கண்ணீர்தான் பதில். நான் என்ன செய்தேன்? "பிள்ளை இல்லை என்று பத்து வருஷமாகக் கையேந்தி நிற்கிறவர்கள் நம் ஜமாஅத்திலேயே இருக்கிறார்கள். உனக்கு என்ன குறை? ஷுக்ரு செய்" என்றேன். ஓதிய தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தேன். ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்ல வரவில்லை. அதோடு என் கடமை தீர்ந்தது என்று நினைத்ததுதான் குறை.

ஓர் இரவு அவள், "இதுக்கு முன்னாடியே நான் மவுத்தாப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும், மச்சான்" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அஸ்தக்ஃபிருல்லாஹ்! ஈமான் உள்ளவள் பேசுகிற பேச்சா இது?" என்று அதட்டினேன். அன்றிலிருந்து அவள் என் முன்னால் அழுவதை நிறுத்திவிட்டாள். நானோ, ஓதிய தண்ணீர் வேலை செய்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு முன்னால் பள்ளியில் உட்கார்ந்து கஹ்ஃப் ஸூராவை ஓதி முடித்தேன். பயானுக்கு இன்னும் நேரம் இருந்ததால் அடுத்த ஸூராவையும் தொடர்ந்தேன். அது மர்யம் ஸூரா. சிறு வயதில் உஸ்தாதின் பிரம்புக்குப் பயந்து மனனம் செய்தது. 23-ஆம் ஆயத்து வந்தபோது நாக்கு நின்றுவிட்டது. பிரசவ வேதனை அன்னை மர்யம் (அலை) அவர்களைப் பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதற்கு முன்பே மவுத்தாகி, யார் நினைவிலும் இல்லாமல் மறைந்து போயிருக்கக் கூடாதா என்று அந்த அன்னை சொல்கிறார்கள். என் சம்சாரம் சொன்ன அதே சொல்! நாற்பது வயதை எட்டப்போகிறவன், எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். அன்றுதான் அது என் காதில் விழுந்தது.

சகோதரர்களே, என்னைத் தவறாக விளங்கிக்கொள்ளாதீர்கள். அன்னை அவர்களுக்கு ஒரு வியாதி இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஊரார் போடப்போகும் பழியை எண்ணி அவ்வாறு சொன்னார்கள் என்று முஃபஸ்ஸிர்கள் எழுதியிருக்கிறார்கள். துன்பம் வந்ததற்காக மவுத்தை ஆசைப்படலாகாது என்ற ஹதீஸும் எனக்குத் தெரியும். நான் கேட்பது வேறு. உலகத்துப் பெண்களில் அல்லாஹ் தேர்ந்தெடுத்துக்கொண்ட ஒருவர் அந்தச் சொல்லைச் சொன்னபோது, அல்லாஹ் என்ன பதில் அனுப்பினான்? ஈமான் குறைந்தவளே என்று கடிந்தானா? ஷுக்ரு செய் என்றானா?

துக்கப்படாதே என்பதே முதல் வார்த்தை. அந்தக் குரல் ஜிப்ரீல் (அலை) அவர்களுடையது என்றும், பிள்ளை ஈஸா (அலை) அவர்களுடையது என்றும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். அடுத்து, காலடியில் ஓடும் தண்ணீர். அதற்கடுத்து, எட்டும் இடத்தில் பழுத்த பேரீச்சம்பழம். உண்டு, பருகி, கண் குளிர்ந்திரு என்ற உத்தரவு. கடைசியாக, ஊரார் வந்து கேட்டால் நீ வாய் திறக்க வேண்டாம், அர்ரஹ்மானுக்கு மவுன நோன்பு நேர்ந்திருக்கிறேன் என்று தெரிவித்துவிடு என்று, பதில் சொல்லும் பாரத்தையே அந்த அன்னையின் தலையிலிருந்து இறக்கி வைக்கிறான். தண்ணீர், சாப்பாடு, ஆறுதல், பேச்சிலிருந்து ஓய்வு. நான் என் வீட்டில் கொடுத்ததோ உபதேசம்.

அன்று தொழுதுவிட்டு நான் கடைக்குப் போகவில்லை. வீட்டுக்குப் போய், "அன்னைக்கு நீ சொன்னதற்கு நான் அதட்டினது தப்பு. மறுபடி சொல்லு, கேட்கிறேன்" என்றேன். அசர் பாங்கு வரைக்கும் அவள் பேசினாள். அந்த எண்ணம் இன்னும் இருக்கிறதா என்று நேராகவே கேட்டேன். இருக்கிறது என்றாள். மறுநாளே பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போனேன்.

டாக்டர் முதலில் இரத்தம் எடுத்தார். இரத்தக் குறைவாலும், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பியின் கோளாறாலும் இதே மாதிரிச் சோர்வு வருமாம். பிறகு பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாளைக் கொடுத்தார். எடின்பரோ நகரத்தின் பெயரால் வழங்கும் அந்தக் கேள்வித்தாள் 1987-இல் வெளியானது. கடந்த ஏழு நாளில் உன்னால் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் உன்னையே பழித்துக்கொண்டாயா என்பது போன்ற சாதாரணக் கேள்விகள்தான். அவள் எழுதிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பத்தில் ஒன்றையாவது நான் கேட்டிருக்கலாம்.

அங்கே நான் விளங்கிக்கொண்டதைச் சொல்கிறேன். பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான பெண்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானே போய்விடும். அதைத் தாண்டியும் நின்றால் அது வியாதி. கர்ப்பிணிகளில் நூற்றுக்குச் சுமார் 10 பேருக்கும், பிள்ளை பெற்றவர்களில் சுமார் 13 பேருக்கும் மனநோய், அதிலும் முக்கியமாக மனச்சோர்வு, வருவதாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஏழை நாடுகளில் இன்னும் அதிகம். பணக்காரி, ஏழை, தொழுகையாளி என்று அது பார்ப்பதில்லை. பிரசவத்துக்குப் பின் உடம்பின் சுரப்பு நீர்கள் மளமளவென்று இறங்குவது, தூக்கம் கெடுவது, துணையில்லாத தனிமை, முன்பே மனச்சோர்வு வந்திருப்பது எல்லாம் சேர்ந்து இழுத்து விடுகின்றன. ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வேறொரு கடுமையான நோய் வரும்: தூக்கமே இல்லாமல், இல்லாத குரல் கேட்டு, பிள்ளையைப் பற்றி விபரீதமாகப் பேசுவார்கள். அதற்கு நாளைக்குப் பார்க்கலாம் என்பது கிடையாது. அந்த மணியிலேயே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். 995-க்குப் போன் செய்யலாம். ஜின் என்று சொல்லிக்கொண்டு நாள் கடத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது வயிறு கலங்குகிறது.

என் வீட்டில் ஆலோசகரிடம் பேசுவதும், மருந்தும், இரண்டும் நடந்தன. பால் கொடுக்கும் தாய் சாப்பிடக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. அதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும், நாமாக ஆரம்பிப்பதும் கூடாது, நாமாக நிறுத்துவதும் கூடாது. குணம் தெரிய வாரங்கள் ஆயின. முழுக்கத் தெளிய ஒரு வருஷம் ஆயிற்று. மருந்து சாப்பிட்டால் பைத்தியம் என்று பேர் கட்டிவிடுவார்களே என்று நானும் பயந்தேன். நீரிழிவுக்கு மாத்திரை போடாத வியாபாரி நம்மில் எத்தனை பேர்? அதை ஈமான் குறைவு என்று யாராவது சொல்கிறோமா? எந்த வியாதியை இறக்கினாலும் அதற்கு நிவாரணத்தையும் அல்லாஹ் இறக்கியே இருக்கிறான் என்பது புகாரி ஷரீபில் உள்ளது. துக்கப்பட்டவர்களுக்குப் பார்லி மாவில் காய்ச்சும் தல்பீனா என்னும் கஞ்சி மனத்துக்கு இதம் தரும், துக்கத்தில் கொஞ்சத்தைப் போக்கும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். (பார்லி என் கடையில் கிடைக்கும் என்பதற்காக இதை எழுதவில்லை!) மனத் துக்கத்துக்கும் உடம்பின் வழியாகப் பரிகாரம் உண்டு என்பது நமக்குப் புதிதல்ல.

நாற்பது நாள் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். நிஃபாஸின் அதிகபட்ச எல்லை ஹனஃபி மத்ஹபில் 40 நாள், ஷாஃபியில் 60 நாள். நம் சங்கத்தில் இரு சாராரும் இருக்கிறோம். ஆனால் அது இரத்தத்துக்குப் போட்ட கணக்கு, மனத்துக்குப் போட்ட கணக்கு அல்ல. "நாற்பது முழுகியாச்சு, இன்னும் என்ன படுக்கை?" என்று கேட்கிற மாமியார்மார்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்து ஆறாம் மாதத்திலும் இந்த நோய் தொடங்கலாம். அந்த நாட்களில் தொழுகை இல்லாததால் அல்லாஹ்வே தன்னைத் தள்ளிவைத்துவிட்டான் என்று என் சம்சாரம் நினைத்திருக்கிறாள். அது தள்ளிவைப்பு அல்ல, சலுகை. விட்ட தொழுகையைக் களாச் செய்யவும் வேண்டியதில்லை. திக்ரும் துஆவும் தடையில்லை. இதை அவளுக்கு எடுத்துச் சொல்ல நான் ஒருவன் இருந்தும் சொல்லவில்லை.

பார்க்க வருகிறவர்கள் பேசுவதையும் கேட்டிருக்கிறீர்களே. "பால் பத்தலையா?" "பிள்ளை நிறம் குறைவா இருக்கே!" "ஆபரேஷனா? நாங்கள்லாம் வீட்டிலேயே பெத்தோம்." மவுன நோன்பு நேர்வது நம் ஷரீஅத்தில் இல்லை. அதனால் அந்த வேலையைப் புருஷன் செய்ய வேண்டும். வாசலில் நின்று, "இப்பத்தான் கண் அயர்ந்தாங்க, இன்னொரு நாள் வாங்க" என்று முகம் கோணாமல் சொல்லி அனுப்ப வேண்டும். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

கடையை என்ன செய்வது என்பீர்கள். நான் ஆறு மாதம் இரவு ஏழு மணிக்கே கடையடைத்தேன். வியாபாரம் குறைந்தது உண்மைதான். வாடிக்கை சிலது பக்கத்துக் கடைக்குப் போயிற்று. பாதி திரும்பி வந்தது, மீதி வரவில்லை. ஜமாஅத் தொழுகையின்போது பிள்ளை அழும் சத்தம் கேட்டால், தாயின் மனம் பதறுமே என்று நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையையே சுருக்கிக்கொள்வார்கள். வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலையில் ஈடுபட்டிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இதையெல்லாம் கேட்டு ஸுப்ஹானல்லாஹ் என்றவன்தான் நானும். அதற்கும் என் கடை நேரத்துக்கும் சம்பந்தம் இருப்பதாகத் தோன்றியதே இல்லை.

என் கடையிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் பழைய கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரிக் கட்டடம் இருக்கிறது. 1966-ஆம் வருஷம் அந்த ஓர் ஆஸ்பத்திரியில் மட்டும் 39,835 பிள்ளைகள் பிறந்ததாகக் கணக்கு. பிறந்தவர்களுக்குத்தான் கணக்கு, எத்தனை தாய்மார்கள் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை. அந்த ஆஸ்பத்திரி 1997-இல் பக்கத்திலேயே புதிய இடத்துக்கு மாறி, இன்று கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையாக நடக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் தாய்மார்களுக்கும் மனநலச் சிகிச்சை அங்கே உண்டு. முதலில் உங்கள் வட்டாரத்துப் பலதுறை மருந்தகத்தில் சொன்னாலும் போதும், அவர்களே சீட்டு எழுதி அனுப்புவார்கள்.

இதை அனுப்புமுன் என் வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். அவள் சம்மதம் இல்லாமல் அவள் கதையை எழுத எனக்கு உரிமை இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒண்ணு விட்டுட்டீங்க மச்சான்" என்றாள். "பிள்ளை பெத்த பிறகுதான் வந்துச்சுன்னு எழுதிருக்கீங்க. ஏழாம் மாசத்துல இருந்தே எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. வாந்தி எடுத்தா மாதுளம்பழம் வாங்கிட்டு வருவீங்க. அழுதா மசக்கைன்னு சொல்லிட்டுக் கடைக்குப் போயிடுவீங்க."

ஏழாம் மாதத்தில் ஏது மசக்கை என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை. அவள் சொன்னபடியே சேர்த்திருக்கிறேன்.

வஸ்ஸலாம்.