சாம்பாரில் உப்பு கூடினால் என்ன?

ஒரு சாரணர் முகாமைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை. பள்ளிக்கூட மைதானத்தின் மூலையில் அடுப்பு புகைகிறது. 13 வயசுப் பையன்கள் நாலு பேர் சாம்பார் வைக்கிறார்கள். ஒருவன் உப்புப் போடுகிறான். கொஞ்ச நேரத்தில் இன்னொருவனும் வந்து உப்புப் போடுகிறான்!

தள்ளி நின்று பார்க்கிறார் சாரண ஆசிரியர். வயது 58. சம்பளம் எதுவும் வாங்காமல் முப்பது வருஷ ஞாயிற்றுக்கிழமைகளை இந்தப் பசங்களுக்குக் கொடுத்தவர். பக்கத்தில், உதவிக்கு வந்திருக்கும் 22 வயது இளைஞன்.

பெரியவர் ஓடிப்போய்க் கரண்டியைப் பிடுங்க வேண்டுமா, கூடாதா?

இது என்ன பெரிய தர்மசங்கடம் என்று சிரிக்காதீர்கள். 'எங்க காலத்துல இப்படியா?' என்று பெரியவர் ஆரம்பிப்பதும், 'விடுங்க சார், பசங்க பாத்துப்பாங்க' என்று இளைஞன் முணுமுணுப்பதும் இந்த இடத்தில்தான். தலைமுறை இடைவெளி என்று நாம் மேடை போட்டுப் பேசுகிறோமே, அது பெரும்பாலும் ஒரு கரண்டி யார் கையில் இருப்பது என்கிற சண்டைதான்.

இதற்கு நாம் வழக்கமாகச் சொல்லும் வைத்தியம் என்ன? பெரியவர்கள் இளைஞர்களின் பாஷையைக் கற்றுக்கொள்ள வேண்டும். நண்பனைப் போலப் பழக வேண்டும். வாட்ஸ்அப்பில் பொம்மை அனுப்ப வேண்டும். நல்லதுதான். ஆனால், பொம்மை அனுப்பிவிட்டு முடிவை மட்டும் தானே எடுக்கிற பெரியவரை எந்தப் பிள்ளையும் நம்பாது.

சாரணர் இயக்கம் பிறந்த கதை இந்த விஷயத்தில் நமக்கு ஒரு பாடம்.

1907 ஆகஸ்ட். இங்கிலாந்தின் தென்கரையில் பிரவுன்சீ என்று ஒரு சின்னத் தீவு. ராணுவத் தளபதி பேடன் பவல் அங்கே சுமார் இருபது பையன்களோடு முகாம் போட்டார். அவருக்கு அப்போது வயது 50. பையன்களில் பாதிப் பேர் பணக்காரப் பள்ளிகளில் படிப்பவர்கள். மற்றவர்கள் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களை நான்கு அணிகளாகப் பிரித்தார். ஒவ்வோர் அணிக்கும் ஒரு தலைவன். அந்தத் தலைவனும் ஒரு பையன்தான்!

ஆயிரக்கணக்கான சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டுப் பழகிய மனிதர் அவர். இருபது பையன்களை அதட்டி நிறுத்துவதா கஷ்டம்? ஆனாலும், அணியை நடத்தும் வேலையைப் பையன்களிடமே விட்டார். பிற்பாடு அணித் தலைவர்கள் கூடிப் பேசி முடிவெடுக்க 'கோர்ட் ஆஃப் ஹானர்' என்று ஒரு சபையும் வந்தது. சாரண ஆசிரியர் அங்கே ஆலோசகர். நாட்டாமை அல்ல!

1908-ல் அவருடைய புத்தகம் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதைப் படித்துவிட்டு ஊருக்கு ஊர் பையன்கள் தாங்களாகவே அணி சேர்ந்தார்கள். பல இடங்களில், தங்களுக்கு ஆசிரியராக இருக்க ஒரு பெரியவரை அவர்களே தேடிப் பிடித்தார்கள். கவனியுங்கள். பெரியவர் வேண்டாம் என்று அந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை.

1909-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் பெரிய சாரணர் பேரணி. யாரும் கூப்பிடாமலே சில சிறுமிகள் வந்து நின்று, தாங்களும் சாரணர்தான் என்றார்கள். பெரியவர்கள் திகைத்துப்போனார்கள். அடுத்த ஆண்டே சிறுமிகளுக்குத் தனி இயக்கம் தொடங்க வேண்டியதாயிற்று. அவர்கள் கேட்டது அப்படியே கிடைத்ததா என்றால், இல்லை. ஆனால், ஒரு கதவு திறந்தது. திறக்க வைத்தவர்கள் சிறுமிகள்.

நம் ஊர்க் கதையும் உண்டு. ஆரம்பத்தில் இந்தியாவில் சாரணர் இயக்கம் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். 1916-ல் சென்னையில் அன்னி பெசன்ட்டும் அருண்டேலும் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. இந்தியப் பாட்டுகள். 1921-ல் இந்தியா வந்த பேடன் பவல் அவர்களையும் தன் இயக்கத்தோடு சேர்த்துக்கொண்டார். தொப்பி போய்விட்டதே என்று இயக்கம் செத்துப்போகவில்லை.

பிரிட்டனில் 1966-ல் என்ன நடந்தது தெரியுமா? காலத்துக்கு ஏற்ப மாற வேண்டும் என்று ஓர் அறிக்கை வந்தது. அரைக்கால் சட்டைக்குப் பதில் முழுக்கால் சட்டை. அகலத் தொப்பி போய் பெரே தொப்பி. பெயரிலிருந்த 'பாய்' என்கிற வார்த்தையும் போயிற்று. பழைய ஆட்கள் பலருக்கு மனசு ஒப்பவில்லை. 1970-ல் சிலர் பிரிந்துபோய், பழைய முறைப்படி தனிச் சங்கமே தொடங்கிவிட்டார்கள்!

அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனசு வரவில்லை. அவர்கள் அழுதது கால் சட்டைக்காக மட்டும் அல்ல. தான் வாழ்நாளெல்லாம் கட்டிக்காத்ததை ஒரு கமிட்டி பழசு என்று ஒதுக்கும்போது, நாமும் பழசாகிவிட்டோமோ என்கிற பயம் வரும். உங்கள் வீட்டுப் பெரியவர் புதுக் கேஸ் அடுப்பைத் திட்டும்போதும், அலுவலகத்து சீனியர் கம்ப்யூட்டரைத் திட்டும்போதும் உள்ளே இருப்பது அந்தப் பயம்தான். இனி என்னால் யாருக்கு என்ன உபயோகம்?

அந்தப் பயத்துக்கு மருந்து, அதிகாரத்தை இறுக்கிப் பிடிப்பதில் இல்லை. அனுபவம் எங்கே தேவைப்படுகிறது என்று தெரிந்துகொள்வதில் இருக்கிறது.

1899-1900ல் மாஃபெகிங் நகரம் முற்றுகையில் இருந்தபோது, சிறுவர்களைச் செய்தி கொண்டுபோகப் பயன்படுத்தினார்கள். பொறுப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பார்கள் என்று பேடன் பவல் கண்டுகொண்டது அங்கேதான். ஆனால், குண்டு விழும் ஊரில் சிறுவர்களை ஓடவிட்டதை இன்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது. பொறுப்பைக் கொடுப்பது வேறு. ஆபத்தைத் தலையில் கட்டுவது வேறு. பையன் ஆழமான ஆற்றில் இறங்கினால் பெரியவர் குறுக்கே நின்றே ஆக வேண்டும். சாம்பாரில் உப்பு கூடினால் கை கட்டி நிற்கலாம். இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரிவதற்குத்தான் முப்பது வருஷ அனுபவம் வேண்டும்!

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. 'எங்களை நம்புங்க' என்று கேட்பது நியாயம். நம்பிப் பொறுப்பைக் கொடுத்த பிறகு, காசுக்குக் கணக்கு எங்கே, பாத்திரம் தேய்த்தாயா என்று கேட்டால், அதைக் குறுக்கீடு என்று நினைக்காதீர்கள். கேள்வி இல்லாத பொறுப்பு எங்கும் கிடையாது. பெரியவர் ஒரு முடிச்சைப் போடச் சொன்னால், 'இதுக்கு கூகுள் இருக்கு' என்பதற்கு முன்னால், 'ஏன் சார் இந்த முடிச்சு?' என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அந்த 'ஏன்' அவருக்குத் தெரியும். யாரும் கேட்பதில்லை என்பதுதான் அவர் வருத்தம்.

நீங்கள் சாரணராக இல்லாமல் இருக்கலாம். பரவாயில்லை. உங்கள் குடியிருப்பில் பொங்கல் விழா வரும். வீட்டில் பாட்டிக்கு எண்பதாவது பிறந்தநாள் வரும். அதில் ஒரு வேலையை, பணத்தோடும் முடிவெடுக்கும் உரிமையோடும், பதினாறு வயசுப் பிள்ளையிடம் முழுசாக ஒப்படையுங்கள். ஒப்படைத்த பிறகு பின்னால் நின்று கயிறு இழுக்காதீர்கள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

ஏதாவது தப்பாகும். ஆகட்டும். 'இப்ப என்ன பண்றது?' என்று அந்தப் பிள்ளை உங்களைத் தேடி வரும். அப்போது திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.