மிச்சம் என்று யார் சொல்வது?

2016-ல் ஆயிரம் லிட்டர் தாமிரபரணித் தண்ணீர் என்ன விலை தெரியுமா? கங்கைகொண்டான் சிப்காட்டில் இருக்கிற குளிர்பான ஆலைகளுக்கு 37 ரூபாய் 50 காசு! லிட்டருக்கு நாலு காசுகூட இல்லை. விஷயம் கோர்ட்டுக்குப் போனது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தண்ணீர் கொடுக்க இடைக்காலத் தடை போட்டது. 2017 மார்ச்சில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 'கொடுப்பது உபரி நீர்தான்' என்பது அரசுத் தரப்பு வாதம்.

'கடலுக்குப் போற தண்ணிதானே, நாலு பேருக்கு வேலை கிடைக்குதே' என்பார்கள். நியாயம்தான். சரி, விலையை நூறு மடங்கு ஏத்திட்டா பிரச்னை தீர்ந்துடுமா? யாரால் வாங்க முடியும் என்பதைத்தான் விலை சொல்லும். யாருக்கு முதலில் தரணும் என்பதைச் சொல்லாது. அதைச் சொல்லத்தான் அரசாங்கம். அதுவும் வியாபாரியாகிவிட்டால், ஆற்றை விற்காமலேயே தனியார்மயம் முடிந்தது.

பாபநாசத்தில் நின்று பார்த்தால் ஆறு நிறையத் தண்ணீர். கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே, கடைமடை விவசாயியிடம் கேளுங்கள், உபரி என்றால் என்னவென்று. பந்தியில் மிச்சம் எவ்வளவு என்று பரிமாறுகிறவர் சொல்லக் கூடாது ஸார். கடைசி இலைக்காரர் சாப்பிட்டு எழுந்து சொல்லணும்.