ஆடுகளமும் போர்க்களமும்

நாடு போரில் நிற்கையில் இளைஞர் பந்து உதைப்பதும், பெருங்கூட்டம் கூடி அதைக் கண்டு ஆரவாரிப்பதும் அறமாகுமா? ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரம் இரு உலகப் போர்களிலும் இவ்வினாவை எதிர்கொண்டது. முதற்போரின் நடுவே, 1916 இல், விக்டோரியா கால்பந்து லீக்கில் நான்கு அணிகளே ஆடின. ஏனையவை ஒதுங்கி நின்றன. இரண்டாம் போரிலோ ஆட்டம் ஓராண்டும் நிற்கவில்லை.

இவ்வினாவை நாம் கீத் டிரஸ்காட் என்னும் ஆட்டக்காரரின் வாழ்வில் வைத்துக் காண்போம். செம்பட்டை முடியர், அத்தகையோரைப் 'புளூயி', அதாவது நீலன், என்றழைப்பது அந்நாட்டார் குறும்பு. முட்டை வடிவப் பந்தும், நீள்வட்டப் பெருந்திடலும், அணிக்குப் பதினெண்மரும் கொண்ட ஆஸ்திரேலியக் கால்பந்தில், 1939, 1940 ஆகிய ஈராண்டும் வாகை சூடிய மெல்போர்ன் அணியில் அவர் ஆடினார். 1940 இல் விமானப்படையில் சேர்ந்த பின்னும், விடுப்புப் பெற்று வந்து இறுதியாட்டத்தில் கலந்துகொண்டார்.

படைவீரனுக்கு ஆட விடுப்பா என முகம் சுளிப்போர் உண்டு. நாம் சுளிக்கமாட்டோம். ஆட்டத்தில் தோற்றவன் மாலையில் வீடு திரும்புகிறான். அடுத்த முறையும் அவன் வந்தால்தான் வென்றவனுக்கும் ஆட்டம் உண்டு. எதிரி நலமாய் இருக்கவேண்டும் என்று விரும்பும் போட்டி வேறு எது? போரைப் 'பெரிய ஆட்டம்' என்று புகழ்ந்து பிள்ளைகளை அனுப்பிவைப்போர்மீதே நமக்குச் சினம்.

எனினும், 1940 அணியில் டிரஸ்காட்டுடன் இருந்த ரான் பராசி, 1941 ஜூலை 31 அன்று வட ஆப்பிரிக்காவின் டோப்ருக்கில் மாண்டார். அவருக்கு ஐந்து வயது மகன் இருந்தான். இரு திங்கள் கழியுமுன் அதே அணி மீண்டும் வாகை சூடியது. அவ்வாரவாரம் அந்த வீட்டில் எவ்வாறு கேட்டிருக்கும்? இங்கே நம் வாதம் சற்றுத் தளரத்தான் செய்கிறது. ஆட்டத்தை நிறுத்தியிருந்தால் அத்துயர் குறைந்திருக்கும் என்று சொல்லவும் நா எழவில்லை. அச்சிறுவனே வளர்ந்து 1953 இல் தந்தையின் அணிக்கு ஆட வந்தார். பின்னர் அவ்வாட்டத்தின் மிகப் பெரிய பெயர்களுள் ஒருவரானார்.

டிரஸ்காட் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் விமானம் ஓட்டிப் புகழும் பதக்கங்களும் பெற்றுத் திரும்பினார். 1942 இல் தம் அணிக்காக ஒரே ஓர் ஆட்டம் ஆடினார். அணியின் சொந்தத் திடலான மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் அவ்வாண்டில் படையினர் தங்குமிடமாகியிருந்தது. பிறகு நியூகினியில் மில்னி விரிகுடாப் போர். 1943 மார்ச் 28 அன்று, மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில், தம் தரப்பு விமானம் ஒன்றன்மீது பாய்ந்து தாக்கும் பயிற்சியில், கடல்மட்டத்தின் உயரத்தைத் தவறாகக் கணித்து நீரில் மோதி இறந்தார். எதிரி எவரும் அங்கில்லை. வயது இருபத்தாறு.

களத்தில் பட்ட வீரனுக்கு நம் முன்னோர் நடுகல் நாட்டி, அவன் பெயரும் பீடும் பொறித்தனர். மெல்போர்ன் அணியினரும் டிரஸ்காட்டின் பெயரை ஒரு பதக்கத்தில் பொறித்தனர். அவர் வீழ்த்திய விமானங்களின் கணக்கு அதற்கு அளவுகோல் அன்று. ஆண்டுதோறும் அவ்வணியில் மிகச் சிறப்பாக ஆடியவருக்கே அது வழங்கப்படுகிறது.