திறமை எப்படியும் வெல்லுமா?

உத்தியோகத்தில் ஒருவன் முன்னுக்கு வராமல் போனால், "அவனிடம் சரக்கு இல்லை" என்று சொல்லிவிடுகிறோம். வந்துவிட்டால், "திறமையை யாரால் மறைக்க முடியும்?" என்கிறோம். இரண்டும் சௌகரியமான பேச்சுக்கள். நடுவில் நின்ற மேலதிகாரியைப் பற்றி யோசிக்கும் சிரமத்திலிருந்து இரண்டுமே நம்மைத் தப்புவித்துவிடுகின்றன.

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒருவர் என்னிடம் வந்து பேசிக்கொண்டிருப்பது வழக்கம். பதினெட்டு வருஷம் லேத்தில் நின்றவர். அவர் செய்த ஒரு சிறு மாறுதலால் பட்டறையில் உருப்படிகள் வீணாவது குறைந்தது. ஆனால் முதலாளிக்குப் போன கடிதத்தில் மானேஜரின் பெயர்தான் இருந்தது. கேட்டதற்கு, "நீ செய்தால் என்ன, நான் செய்தால் என்ன? கம்பெனிதானே பெரிது!" என்று பதில். அடுத்த மாதம் இவருக்கு இரவு ஷிப்டு. "போகட்டும் சார், உழைப்பு வீண்போகாது என்பார்களே" என்று அவர் சொன்னபோது, எனக்கு எல்லாப்பிரகட சுப்பாராவின் நினைவு வந்தது.

சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தியடிகளின் அழைப்பைக் கேட்டு, சத்திரசிகிச்சைக்குக் கதர் அங்கி அணிந்து போனார். பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துப் பரீட்சைகளில் நன்றாகச் செய்தும் எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. சென்னை மருத்துவ சேவையில் இடம் கிட்டவில்லை. ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு சொல்லிக்கொடுத்துவிட்டு, அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

அங்கேயும் கதை மாறவில்லை. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். உடலின் சக்திக்கு ஆதாரமான ஏ.டி.பி.யைப் பிரித்தெடுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஆனாலும் நிலையான பதவி தரவில்லை. 1940-இல் லெடர்லே மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டார். யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் மருந்து அங்கே அவர் தலைமையில் பிறந்தது. 1948-இல், ஐம்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

"பார்த்தீர்களா, திறமை வென்றுவிட்டதே!" என்பீர்கள். அங்கேதான் நான் மறுக்கிறேன். சுப்பாராவ் வென்றதால்தான் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது. தோற்றவர்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்? கரையேறியவனைக் காட்டி, ஆற்றில் ஆழமே இல்லை என்று வாதிடலாமா?

நஷ்டம் ஒருவரோடு நிற்பதுமில்லை. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளை, பொறாமையினால் ஃபிஸ்கே வெளிவர விடவில்லை போலும் என்றும், அவற்றைப் பிறர் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று என்றும், அங்கே இருந்த ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் பின்னாளில் சொன்னார். அவரே 1988-இல் நோபல் பரிசு பெற்றவர். ஒரு மனிதரின் மனப்புழுக்கத்துக்கு உலகம் வருஷக்கணக்கில் வட்டி கட்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறானது சென்னைத் துறைமுகத்தில் நடந்தது. 1912 மார்ச்சில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார் ராமானுஜன். மேலே இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். பொறாமைப்பட அவருக்குத் தகுதி இருந்தது! அவரோ அந்தக் குமாஸ்தாவின் பெருமையைத் தலைவர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காதில் போட்டார். மறு வருஷமே சென்னைப் பல்கலைக்கழகத்திலிருந்து மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம். 1914-இல் ராமானுஜன் இங்கிலாந்துக்குப் புறப்பட்டுவிட்டார். ராமானுஜனுக்கு மேதை பிறவியிலேயே வாய்த்தது. நாராயண ஐயர் வாய்த்தது அதிர்ஷ்டம். ஒருவன் வாழ்வு இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி நிற்பது நியாயமா?

"பிடிக்காவிட்டால் வேலையை விட்டுவிடேன்" என்று புத்தி சொல்வது சுலபம். வீட்டு வாடகையும் குழந்தையின் பள்ளிக் கட்டணமும் புத்திமதியைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்குமா? ஆகவே பாதிக்கப்பட்டவனிடம் மட்டும் தைரியத்தைக் கேட்பது தர்மமல்ல. ஆபீஸ் அரசியலை ஒரு மானேஜர் தனியாக நடத்துவதில்லை. கோள் சொல்ல ஒருவர், சிரிக்க ஒருவர், எல்லாம் தெரிந்தும் பைலைப் புரட்டிக்கொண்டிருக்கப் பத்துப் பேர் வேண்டும். அந்தப் பத்துப் பேர் கெட்டவர்கள் அல்ல, நம்மைப் போன்றவர்கள்தான். ஆனால், "இது அவர் செய்த வேலை" என்று ஒரு வாக்கியம் சொல்ல அவர்களால் முடியும்.

ஹிட்சிங்ஸும் உண்மையைச் சொன்னார், பின்னாளில் சொன்னார். அது சரித்திரத்துக்குப் போதும். பக்கத்து நாற்காலியில் இன்று தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவருக்குப் போதாது.