சக்கரவர்த்தியின் ஊர்வலத்தில் நமது இடம்

குழந்தைகளுக்கென எழுதப்பட்ட நூல்களை வளர்ந்தோர் வாசிப்பது, பிள்ளைக்குக் கதை சொல்லும் கடமையாகவோ வெறும் பொழுதுபோக்காகவோ மட்டுமே கருதப்படுகின்றது. அகவை ஏறியபின் அந்நூல்களிற் கற்பதற்கு யாதுமில்லை என்பதே இதன் அடிப்படை. இவ்வெண்ணம் ஆராய்தற்குரியது.

குழந்தை நூல், பெரியோர் நூல் என்னும் பிரிவு நாம் எண்ணுமளவு உறுதியானதன்று. அரசகுமாரர்க்கு அரசியலறிவு புகட்டக் கூறப்பட்ட கதைகளாகவே பஞ்சதந்திரம் தன்னை அறிமுகஞ் செய்கின்றது. 1726இல் வெளிவந்த யொனதன் சுவிஃப்டின் 'கலிவரின் பயணங்கள்' தன் காலத்துச் சமூகத்தை எள்ளி நகையாடிய நூல். பின்னரே அது சிறுவர் கைக்குச் சென்றது. ஆகவே, எந்நூல் எவருக்குரியது என்பது இங்கு வினாவன்று. ஒரே கதையை இருவேறு பருவங்களில் வாசிக்கும்போது நம்முள் யாது நிகழ்கின்றது என்பதே வினா.

டென்மார்க் நாட்டு எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் 1837இல் வெளியிட்ட சக்கரவர்த்தியின் புத்தாடை பற்றிய கதையை அறியாதார் சிலரே. பதவிக்குத் தகுதியற்றோர்க்கும் மூடர்க்கும் புலப்படாத துணியை நெய்வதாக இரு வஞ்சகர் கூறுகின்றனர். வெறுந்தறியைக் கண்ட அமைச்சர் அத்துணியைப் புகழ்கின்றார். ஊரும் புகழ்கின்றது. ஈற்றில் ஒரு குழந்தையே உண்மையைச் சொல்கின்றது.

சிறுவயதில் இக்கதையைப் படித்தபோது நான் அக்குழந்தையோடு நின்று சிரித்தேன். சென்ற விடுமுறையில் அக்காவின் மகனுக்கு இதனை வாசித்துக் காட்டியபோதோ அமைச்சரைக் கடந்து செல்ல என்னால் இயலவில்லை. அவர் பார்வையற்றவரல்லர். தறி வெறுமையாயிருப்பதை அவர் தெளிவாகவே கண்டார். தகுதியற்றவர் எனப் பிறர் கருதுவரோ என்ற அச்சமே அவர் வாயை அடைத்தது.

அவ்வச்சத்தை நான் அறிவேன். புதிதாக வந்த மாணவர் ஒருவரை என் ஆண்டு மாணவர் சிலர் முழந்தாளிடச் செய்து நகைத்த மாலையில் நானும் அங்கு நின்றேன். பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்துள்ளதென்பதை நாம் யாவரும் அறிந்திருந்தோம். அவர் கண்கள் கலங்கியதையும் கண்டேன். எனினும், "இவன் எங்களுள் ஒருவனல்லன்" என்று கூறிவிடுவரோ என அஞ்சி நானும் சிரித்தேன்.

குழந்தை நூல்களின் அறம் மிக எளியது, வாழ்க்கையோ சிக்கலானது என்பர் சிலர். இதில் ஓரளவு உண்மையுண்டு. அன்டர்சனின் கதைக்கு மூலமாயமைந்த பதினான்காம் நூற்றாண்டு ஸ்பானியக் கதையில் உண்மையைச் சொல்பவர் குழந்தையல்லர். இழப்பதற்கு ஏதுமற்ற ஓர் எளிய பணியாளர். குழந்தைக்கும் இழப்பதற்கு ஏதுமில்லை. நமக்கோ நண்பர், நற்பெயர், நாளைய வாய்ப்பு எனப் பல உள. ஆனால் அன்று மாலை என் முன்னிருந்தது சிக்கலான அறவினா அன்று. செய்யத்தக்கது யாதென்பது தெளிவாகவேயிருந்தது. அதற்குரிய விலையைக் கொடுக்கவே மனம் வரவில்லை. சிக்கல் என்ற சொல்லை அத்தயக்கத்திற்குப் போர்வையாக்கினேன்.

வளர்ந்தோர் குழந்தை நூல்களால் அடையும் பயன் இதுவே. இழந்த களங்கமின்மையை அவை மீட்டுத் தருவதில்லை. கதை மாறாதிருக்க, கதைக்குள் நாம் நிற்கும் இடம் மாறிவிட்டதை அவை காட்டுகின்றன. பெரியோர்க்கான நூல்கள் நம் தயக்கங்களுக்குக் காரணங்களை விரித்துரைக்கும். குழந்தை நூலில் அவற்றுக்கு இடமில்லை.

வாசித்து முடித்ததும் மருமகன் கேட்டான்: "ராசாவுக்குத் தெரிஞ்சிட்டுதுதானே, பிறகு ஏன் வீட்டை திரும்பிப் போகேல்லை?" உண்மை வெளிப்பட்ட பின்னரும் ஊர்வலம் நிற்கவில்லை, இல்லாத ஆடையின் தலைப்பைப் பணியாளர் தொடர்ந்து ஏந்திச் சென்றனர். சிறுவயதில் நான் கவனியாத பகுதி இது. அவனுக்கு என்னால் விடை கூற முடியவில்லை.

அப்புதிய மாணவரை இன்றும் விரிவுரை மண்டப வாயிலிற் காண்கின்றேன். அவர் என்னை "அண்ணா" என்றே அழைக்கின்றார். அவரிடம் சொல்லவேண்டியதை நான் இன்னும் சொல்லவில்லை. இக்கட்டுரை அதற்கு ஈடாகாது என்பதையும் அறிவேன்.